சாமி அறைக்கு வந்த கறுப்புக் கம்பி

ராத்திரிச் சாப்பாடு முடிந்து தட்டுகளைக் கழுவி வைத்ததும் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை பள்ளிக்கூடம் ஆகிவிடும். மருமகள் மேசையை ஈரத்துணியால் துடைப்பாள். என் மகன் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வந்து அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காருவான். தலையில் நரை விழுந்த ஆள். ஏணி ஏறி ஏறி மூட்டு தேய்ந்த ஆள். அவன் பென்சிலைப் பிடித்துக்கொண்டு அவள் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுவான். நான் பார்க்கக் கூடாது என்றுதான் என் நாற்காலியை டிவி பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டேன். டிவியை அணைத்தால் அந்தக் கறுப்புக் கண்ணாடியில் இரண்டு பேரும் தெரிந்தார்கள். அதனால் டிவியை அணைப்பதே இல்லை.

பொறாமைதான். இதற்கு வேறு பெயர் தேட வேண்டியதில்லை.

மகன் பள்ளிக்கூடத்தை விட்டதும் ஒரு சீனத் தவுக்கேயிடம் வயரிங் வேலைக்குப் போனான். அங்கேயே இருந்துவிட்டான். தவுக்கே நல்ல முதலாளி, குறை சொல்ல மாட்டேன். வேலை எல்லாம் என் மகன் செய்வான். முடிந்ததும் தவுக்கே வந்து கையெழுத்துப் போடுவார், ஏனென்றால் சர்டிபிகேட் அவரிடம்தான் இருந்தது. இப்போது அவருக்கு வயதாகிவிட்டது, கடையை மூடப் போகிறேன் என்றார். நீ சர்டிபிகேட் எடுத்துவிட்டால் என் வேலைகளை எல்லாம் உன்னிடமே விட்டுவிடுகிறேன், இல்லாவிட்டால் என் அண்ணன் மகனிடம் கொடுப்பேன், நீ அவனோடு இருந்துகொள் என்றார். அந்த அண்ணன் மகனுக்கு ஏணியை எந்தப் பக்கம் சாய்ப்பது என்று சொல்லிக் கொடுத்ததே என் மகன்தான். கைவேலைப் பரீட்சை என் மகனுக்குத் தண்ணீர் குடிப்பது மாதிரி. எழுத்துப் பரீட்சைதான் இடித்தது. ஒரு தடவை எழுதி விழுந்துவிட்டான். மறுபடி எழுத வேண்டும். தேறினால் அவன் முதலாளி. தேறாவிட்டால் அந்தப் பையனுக்குக் கீழே கூலி.

இதற்காகத்தான் அந்த மேசை.

வயரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்று யாரும் நினைக்க வேண்டாம். எஸ்டேட்டில் ரப்பர் மரங்களை வெட்டி எண்ணெய்ச் செம்பனை போட்ட பிறகு எங்களுக்கு வேலை குறைந்துவிட்டது. நான் செங் என்கிற ஊரில் ஃபேக்டரிக்குப் போனேன். விடியும் முன்னே பஸ் வந்து ஏற்றிக்கொள்ளும். காருக்குள்ளே போகிற வயர்களைக் கட்டாகக் கட்டி டேப் சுற்றுகிற வேலை. பெரிய பலகையில் ஆணி அடித்திருக்கும். ஆணிக்கு ஆணி வளைத்துக் கொண்டுபோக வேண்டும், சிவப்பு இங்கே, கறுப்பு அங்கே என்று. எஸ்டேட் தமிழ்ப் பள்ளியில் மூன்றாவதோடு நின்றவள் நான். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் நான் சுற்றிய கட்டு ஒன்றும் திரும்பி வந்தது கிடையாது.

மகனுக்கும் எனக்கும் இடையில் பேச்சு என்றால் அந்த வயர்தான். வேலை முடிந்து வந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டே சொல்வான். இன்றைக்கு ஒரு பங்களாவில் சுவருக்குள்ளே எலி கடித்திருந்தது, மேலே ஏறிப் பார்த்தால் கூடு கட்டியிருக்கிறது என்பான். நான் கேள்வி கேட்பேன். எந்த நிறத்தைக் கடித்தது என்று கேட்டிருக்கிறேன். அவன் சிரித்துக்கொண்டே பதில் சொல்வான். அந்த அரைமணி நேரம் எனக்கென்று இருந்தது. கல்யாணம் பேசும்போது அந்த அரைமணி நேரத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

மருமகள் டவுன் பெண். யாழ்ப்பாணத்துக் குடும்பம். அப்பா ஆபீசில் இருந்தவர், அம்மா ஆசிரியை. வீட்டில் பாதி இங்கிலீஷ். எங்களுக்கு அத்தை என்றால் அவர்களுக்கு மாமி, அதனால் நான் இந்த வயதில் மாமி ஆனேன். தொழில் கல்லூரியில் எலெக்ட்ரிக்கல் பாடம் எடுக்கிறாள். என் மகன் அந்தக் கல்லூரிக்கு ஃபேன் மாட்டப் போன இடத்தில்தான் பார்த்துக்கொண்டார்களாம். ஃபேன் மாட்டப் போனவன் ஃபேனை மாட்டிவிட்டு வந்திருக்கலாம். அவளுடைய கை இருக்கிறதே, அது வெண்டைக்காய் மாதிரி இருக்கும். ஒரு கீறல் கிடையாது. வயரை இழுத்த கையில்லை அது, வயரைப் பற்றிப் பேசிய கை.

கரண்ட் வேலைக்குப் படிப்பு எதற்கு என்று நான் எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு வேண்டிய பதிலைச் சொன்னவர் டவுனில் மளிகைக் கடை வைத்திருக்கும் பாய் ஒருவர்தான். அவர் கடை வயரிங் என் மகன் செய்தது.

"கரண்டு என்னக்கா, சர்டிபிகேட்டப் பாத்துட்டா உள்ள வருது?" என்றார். "உங்க மகன் போட்ட லைன்லதான் இன்னிக்கும் என் ஃபிரீசர் ஓடுது. புத்தகத்துல ஓடல."

அன்றைக்கு அவர் கடையில் தேவைக்கு மேல் பருப்பு வாங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து மருமகள் காதில் விழும்படி பாய் சொன்னதை மகனிடம் சொன்னேன். மகன் சிரித்தான். அவளும் சிரித்தாள். அவள் சிரித்தது எனக்குப் பிடிக்கவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

புக்கிட் காத்திலில் நாங்கள் இருக்கிற வீட்டில் மாடிப்படிக்குக் கீழே இருக்கும் ஸ்டோர்தான் சாமி அறை. ஜன்னல் இல்லை. பட்டப்பகலிலும் முருகன் முகம் தெரியாது. மேலே ஒரு விளக்குப் போட்டுக் கொடு என்று மகனிடம் கேட்டேன். மருமகள் கல்லூரி வேலையாக வெளியே போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் அதைச் செய்தான். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். அவன் சிவப்புக் கம்பியைப் படிக்கட்டு விளக்கிலிருந்து கொண்டுவந்தான். கறுப்புக் கம்பிக்குச் சுவரைத் தட்டிப் பார்த்தான். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் குளியலறை, அங்கே சுடுதண்ணி ஹீட்டருக்கு ஒரு கறுப்பு போகிறது. பக்கத்திலேயே இருக்கும்மா, எதுக்கு அவ்வளவு தூரம் இழுக்கணும் என்று அதிலேயே முறுக்கிக்கொண்டான்.

எஸ்டேட் லைன் வீடுகளில் அப்படித்தான். சிவப்பு கரண்ட் வருகிற கம்பி, அதற்குத்தான் சண்டை வரும். கறுப்பு அது திரும்பிப் போகிற கம்பி, எல்லோருக்கும் பொது. பக்கத்து வீட்டுக் கறிவேப்பிலை மாதிரி, எது கிட்டே இருக்கிறதோ அதில் எடுத்துக்கொள்வார்கள். என் வீட்டுக்காரர் அப்படித்தான் எங்கள் வீட்டு அடுப்படிக்கு விளக்கு இழுத்தார். நாங்கள் எஸ்டேட்டை விட்டு வரும்வரை அது எரிந்தது.

சாமி அறையில் குட்டி பல்பு ஒன்று போட்டான். எரிந்தது. நானும் அவனுமாகச் செய்த விளக்கு. மருமகள் வந்து, நல்லா இருக்கு மாமி என்றாள். ஓம் ஓம், படிக்காமலே எரியுது பார் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

என் வீட்டுக்காரரின் திதி வந்தது. சொந்தக்காரர்கள் வருவார்கள், குட்டி பல்பு போதாது, பெரிதாகப் போடு என்றேன். அன்று காலையில் மகன் பெரிய பல்பைப் போட்டு சுவிட்சைத் தட்டினான். விளக்கு கண்ணைத் திறந்தது. டக் என்று மெயின் பெட்டியில் ஹீட்டருக்கு உள்ள சுவிட்ச் விழுந்தது. விளக்கும் போய்விட்டது. தூக்கி விட்டான். மறுபடி டக். பல்பை மாற்றினான். பல்பு மாட்டும் ஹோல்டரை மாற்றினான். ஹீட்டரை அணைத்துவிட்டுப் போட்டான். டக். பழைய குட்டி பல்பைப் போட்டால் ஒன்றும் ஆகாமல் எரிந்தது. டெஸ்ட் பேனாவை வைத்த இடத்தில் எல்லாம் அது ஒழுங்காகத்தான் மின்னியது.

அதற்குள் உம்பாயிலிருந்து என் நாத்தனார் வந்துவிட்டாள். அவள் வீட்டுக்காரர் அங்கே மீன் பொரிக்கிற ஸ்டால் வைத்திருக்கிறார். அவளுக்கு வாய் பெரிது. இலை போட்டாயிற்று, படையல் வைத்தாயிற்று, சாமி அறை இருட்டு.

"என்னா அண்ணி, வயர்மேன் வீட்டுல கரண்டுக்குப் பஞ்சமா?" என்றாள். "சொல்லியிருந்தா எங்க ஸ்டால்ல இருந்து ரெண்டு பல்பு கழட்டிக்கிட்டு வந்திருப்பேன்லா."

எல்லோரும் சிரித்தார்கள். மகனும் சிரித்தான். ஆனால் அவன் காது சிவந்துவிட்டது. பரீட்சையில் விழுந்தவன் என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். இவனை நம்பியா தவுக்கே கடையைக் கொடுக்கப் போகிறார் என்று அவர்கள் நினைப்பது எனக்குக் கேட்கிற மாதிரியே இருந்தது. நான் போய் ஏதாவது சொல்லலாம் என்று எழுந்தேன். என்ன சொல்வது. எனக்குத் தெரிந்ததை எல்லாம் அவன் செய்து பார்த்துவிட்டான்.

அடுப்படியில் வடை சுட்டுக்கொண்டிருந்த மருமகள் அடுப்பைச் சிறிதாக்கிவிட்டு வந்தாள். மெயின் பெட்டியைப் பார்த்தாள். விளக்கைப் பார்த்தாள். எதையும் தொடவில்லை. அவன் பக்கத்தில் போய் நின்று, யாருக்கும் கேட்காமல் இங்கிலீஷில் என்னவோ கேட்டாள். அவன் குளியலறைச் சுவரைக் காட்டினான். அவள் இன்னும் இரண்டு வார்த்தை சொன்னாள். அவன் முகம் மாறியதை நான் பார்த்தேன். என் பிள்ளை சின்ன வயதில் தொலைந்த கோலியைக் கண்டெடுத்தால் அப்படித்தான் பார்ப்பான். அவள் வடைக்குப் போய்விட்டாள்.

அவன் ஏணியை எடுத்தான். நான் பிடித்துக்கொண்டேன். ஹீட்டரிலிருந்து எடுத்த கறுப்பைக் கழற்றி மூடினான். சிவப்பு எங்கிருந்து வந்ததோ அந்தப் படிக்கட்டு விளக்குப் பெட்டிக்கே புதுக் கறுப்பை இழுத்துக்கொண்டு போனான். வடை ஆறுவதற்குள் வேலை முடிந்தது. பெரிய பல்பு எரிந்தது, எதுவும் விழவில்லை. முருகன் முகம் பளிச்சென்று தெரிந்தது.

"கைகாரன்தான் அண்ணி உன் மகன்," என்றாள் நாத்தனார்.

அந்தப் பேரை மருமகள் அவனுக்கே விட்டுவிட்டாள். அத்தனை பேருக்கு முன்னால் வாயைத் திறந்து சொல்லியிருந்தால், பார் புருஷனை எப்படித் தலைகுனிய வைக்கிறாள் என்று நான் வருஷக்கணக்கில் பேசியிருப்பேன். அதற்கும் வழி வைக்கவில்லை.

மறுநாள் மகன் வேலை முடிந்து வந்ததும் தேத்தண்ணியைக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டேன், அவ என்னா சொன்னா என்று. அவன் கொஞ்சம் யோசித்தான்.

"செங் ஃபேக்டரில ரெண்டு கேட்டு இருந்துச்சுல்லமா? முன் கேட்டுல ஒரு ஜாகா, பின் கேட்டுல ஒரு ஜாகா."

ஜாகா என்றால் எங்கள் ஊரில் காவல்காரர். இருந்தார்கள் என்றேன்.

"முன் கேட்டுல நுழைஞ்சவங்க பின் கேட்டால வெளிய போனா?"

"ஜாகா சும்மா விடமாட்டான். கணக்கு இடிக்கும்."

"அதான். அந்த ஹீட்டர் சுவிட்சும் ஒரு ஜாகா. தன் கேட்டுல எவ்வளவு கரண்டு உள்ள போச்சு, எவ்வளவு திரும்பி வந்துச்சுன்னு பாத்துக்கிட்டே இருக்கும். குளிக்கிற தண்ணிக்குக் காவல் நிக்கிற ஜாகா, ரொம்பக் கண்டிப்பு. நான் செவப்ப வேற கேட்டுல கொண்டாந்துட்டு, கறுப்ப அதோட கேட்டுல விட்டுட்டேன். உள்ள போகாத ஆளு வெளிய வர்றான். கேட்ட மூடிருச்சு."

"அப்ப குட்டி பல்பு எரிஞ்சுச்சே?"

"ஒண்ணு ரெண்டு பேருன்னா ஜாகா கண்டுக்க மாட்டான். கூட்டமா வந்தாத்தான் கத்துவான்."

எனக்குப் புரிந்துவிட்டது. பலகையில் வயர் போகிற மாதிரி கண்முன்னே தெரிந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எவ்வளவு அழகா சொல்றே, இது எப்படிய்யா உனக்குத் தோணிச்சு என்று கேட்டேன்.

"எனக்கு எங்கம்மா தோணும்? அவதான் அப்படிச் சொன்னா. அம்மா ஃபேக்டரி கேட்டு மாதிரின்னு."

தேத்தண்ணி எனக்குக் கசந்துவிட்டது.

அந்தக் கேட்டுக் கதை என்னுடையது. ஒரு தடவை பின் கேட்டுக்கு மீன் லாரி வந்தது என்று நான் அந்த வழியாக வெளியே போய்விட்டேன். முன் கேட்டு ஜாகா ஆள் குறைகிறது என்று பஸ்ஸையே நிறுத்திவிட்டான். மொத்தப் பேரும் என்னைத் திட்டினார்கள். இதை ஒரு நாள் கீரை ஆய்ந்துகொண்டே மருமகளிடம் சொன்னேன். அவள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்கவில்லை என்றுதான் நினைத்தேன். கேட்டிருக்கிறாள். கேட்டு, வைத்திருந்து, என் மகனுக்குப் பாடமாகக் கொடுத்திருக்கிறாள். என் ஃபேக்டரி, என் ஜாகா, நான் பட்ட திட்டு. அதை வைத்து என் மகனுக்குச் சொல்லிக் கொடுக்க எனக்குத் தெரியாமல் போயிற்றே.

கரண்ட் வேலைக்குப் படிப்பு வேண்டுமா என்று இப்போது யாராவது கேட்டால் நான் முழுசாக மாற்றிப் பேச மாட்டேன். சுவருக்குள்ளே கம்பி எந்தப் பக்கம் திரும்புகிறது என்று அவளுக்குத் தெரியாது. வெண்டைக்காய் விரலால் அதை இழுக்கவும் முடியாது. கை இல்லாத படிப்பு மேசையில்தான் இருக்கும். ஆனால் என் மகனின் கை அன்றைக்கு எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்துவிட்டு நின்றது. பல்பு போயிருந்தால் கை கண்டுபிடித்திருக்கும். ஒன்றும் போகவில்லை, எல்லாம் நல்ல சாமான், போட்ட வழிதான் தப்பு. அதைக் கை எப்படிக் கண்டுபிடிக்கும்? லைன் வீட்டில் அந்தத் தப்பு எரிந்தது, ஏனென்றால் அங்கே ஜாகா இல்லை. ஜாகா இல்லாத இடத்தில் படித்த வேலையை ஜாகா இருக்கிற வீட்டில் செய்தான். இவ்வளவுதான் ஒப்புக்கொள்வேன். அவளிடம் சொல்லவில்லை. இங்கேதான் சொல்கிறேன்.

அதற்குப் பிறகு சாப்பாடு முடிந்ததும் நெத்திலி கிள்ள வேண்டும் என்று நானும் அந்த மேசைக்குப் போய்விட்டேன். மேசையின் மறு கோடி. ஒருத்தரும் போகச் சொல்ல முடியாது, நெத்திலி கிள்ளித்தான் ஆக வேண்டும். காதைக் கொடுத்துக்கொண்டே கிள்ளினேன். பாதி இங்கிலீஷ், பாதி மலாய், நடுவிலே தமிழ். கணக்கு எனக்கு ஏறவில்லை. ஆனால் ஒன்று கவனித்தேன். நான் வந்து உட்கார்ந்த பிறகு அவள் தமிழ்தான் கூடப் பேசினாள். எனக்காகத்தான் என்று தெரிந்தது. தெரியாத மாதிரி தலையைக் குனிந்துகொண்டேன்.

பரீட்சைக்குப் போகிற காலையில் மகன் சாமி கும்பிட்டுவிட்டு என் காலைத் தொட்டான். திருநீறு பூசிவிட்டேன். அவன் நெற்றி வேர்த்திருந்தது. எப்படியோ என் வாயில் வந்துவிட்டது.

"ஹீட்டர் சுவிட்சு ஏன் விழுந்துச்சு? சொல்லு."

அவன் சொன்னான். ஜாகா இல்லாமல், பரீட்சையில் எப்படி எழுத வேண்டுமோ அந்த வார்த்தைகளில் சொன்னான். ஒரு தடங்கல் இல்லை. ஆனால் சொல்லி முடித்ததும் அவன் கண் என் தோளைத் தாண்டிப் போனது. எனக்குப் பின்னால் கார் சாவியோடு அவள் நின்றிருக்கிறாள். சரிதானே என்று அவளைத்தான் பார்த்தான்.

கேள்வி கேட்டவள் நான்.

அவள் தலையாட்டவில்லை. "மாமிதானே கேட்டாங்க, மாமிய கேளுங்க சரியான்னு," என்று சொல்லிவிட்டுக் காரை எடுக்கப் போய்விட்டாள். அவன் என்னைப் பார்த்தான். சரிய்யா, போய்ட்டு வா என்றேன்.

முடிவு வருகிற அன்று இரண்டு தடவை மகனுக்குப் போன் போட்டேன். இரண்டு தடவையும் யாருடனோ பேசிக்கொண்டிருந்தான். அடுப்படியில் அவள் போனில் பேசுகிற சத்தம் கேட்டது. யாருடன் என்று நான் கேட்க வேண்டுமா? கையில் வைத்திருந்த போனைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டேன். தேறினானா இல்லையா என்பது எனக்கு முன்னால் இன்னொருத்திக்குத் தெரியும் என்பதைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவள் ஹாலுக்கு வந்தாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்திருந்தாள், ஆனாலும் கண் சிவந்திருந்தது. போனை என்னிடம் நீட்டினாள்.

"மாமி, உங்ககிட்டதான் மொதல்ல சொல்லணுமாம். என்கிட்ட ஒண்ணும் சொல்லல."

பொய். அழுத கண்ணோடு அந்தப் பொய்யைச் சொன்னாள். நான் போனை வாங்கிக் காதில் வைத்தேன்.

"என்னய்யா?" என்றேன், ஒன்றும் தெரியாதவள் மாதிரி.

"அம்மா, பாஸ் ஆயிட்டேன்மா."

நல்லா இருய்யா என்றேன். போனைத் திருப்பிக் கொடுக்கும்போது அவள் விரல் என் கையில் பட்டது. மெத்தென்றுதான் இருந்தது. நான் அழுதேன், மகனுக்காகத்தான். அவனுக்கு முதலில் சொல்லிக் கொடுத்ததும் அவள், முதலில் கேட்டதும் அவள். கடைசியில் எனக்கு ஒரு முதல் இடத்தைக் கொடுத்ததும் அவளாகவே இருந்துவிட்டாள். அதைக்கூட என் மகனுக்குத் தானாகத் தோன்றவிடவில்லை.